ஒரு காசுக்கு இரண்டு விலைப்புத்தகம்

மனைவிக்கு மூக்குக்கண்ணாடி வாங்குவதற்காகச் சடையாண்டி தன் பழைய செப்புக்காசை விற்கப் பழங்காசுக் கடைக்கு வந்தார். கடைக்காரர் மெல்லிய விலைப்புத்தகம் ஒன்றைப் பிரித்துக் காட்டினார். "முந்நூறுதான் போட்டிருக்கு, நீங்களே பாருங்க." சடையாண்டி முந்நூறு ரூபாயை வாங்கிக்கொண்டு போனார்.

கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் காசு புலம்பியது. "நான் அவ்வளவுதானா?"

பக்கத்தில் கிடந்த தடித்த விலைப்புத்தகம் சிரித்தது. "அழாதடா தம்பி. என் கணக்குல நீ மூவாயிரம்."

காசு அதிர்ந்துபோனது. "அடப்பாவி! அந்த மனுஷர் நின்னப்போ சொல்லியிருக்கக் கூடாதா?"

"வாங்க வர்றவங்களுக்குத்தான் என்னைப் பிரிப்பாங்க."

"இவ்வளவு வித்தியாசமா? உங்க ரெண்டு பேரையும் எழுதினவங்க சண்டை போட்டுக்க மாட்டாங்களா?"

புத்தகங்கள் இரண்டும் புரண்டு படுத்துப் பின்னட்டையைக் காட்டின. இரண்டிலும் கடைக்காரரின் புகைப்படம் இருந்தது.