ஒரே சட்டிச் சோறு

“இதுதான் சமையலா?”

வடிவம்மா மூடியைத் திறந்து சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். அரிசி, பருப்பு, பூசணிக்காய், இரண்டு பச்சை மிளகாய். எல்லாம் ஒன்றாகக் கிடந்து குழைந்துகொண்டிருந்தன.

“ஆமா அண்ணி. பெரஹரா திருவிழா முடியிற வரைக்கும் நம்ம வீட்டுல இதுதான். எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு அடுப்புல வச்சுட்டா அது பாட்டுக்கு வெந்துரும்” என்றாள் தம்பி மனைவி பரிமளம், சுவரில் சாய்ந்தபடி.

சும்மா சொல்லக்கூடாது, அவளுக்கு நிற்கவே தெம்பில்லை. கண்டி மாநகர சபையில் தெருக் கூட்டுகிறவள். ஊரே பெரஹரா பார்த்துவிட்டுத் தூங்கப் போகிற நேரத்தில் விளக்குமாற்றோடு இறங்கியவள், பகல் பதினொரு மணிக்குத்தான் மஹய்யாவவில் உள்ள லைன் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தாள்.

ஆனால் வடிவம்மா நாவலப்பிட்டியிலிருந்து பஸ் ஏறி வந்தது பெரஹரா பார்க்க அல்ல. தன் ஒரே மகளைத் தம்பி மகன் ராஜலிங்கத்துக்குக் கொடுக்கலாமா, வேண்டாமா என்று பார்த்துப் போக வந்திருந்தாள். பையனில் குறை சொல்ல ஒன்றுமில்லை, பல்லேகலவில் நல்ல வேலை. மகள் வாழப்போகிற வீட்டு அடுப்பைத்தான் பார்க்கவேண்டியிருந்தது.

பரிமளம் முகம் கழுவப் போனதும், வடிவம்மா அகப்பையால் கொஞ்சம் எடுத்து வாயில் போட்டாள்.

“கறுப்பையா! இங்க வா!”

தம்பி ஓடிவந்தான்.

“உப்பே இல்லடா! ஒரு கல்லு உப்புப் போடக்கூட ஒம் பொண்டாட்டிக்கு ஒடம்பு வணங்கல. எம் மக இங்க வந்து இதையா திங்கணும்? இது சரிப்படாது. நா நாளைக்கே கெளம்புறேன்.”

“அது வந்துக்கா…” கறுப்பையா தலையைச் சொறிந்தான்.

அதற்குள் பரிமளம் வந்தாள். அடுப்பிலிருந்து சட்டியை இறக்கி, துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, விறுவிறுவென்று வெளியே போய்விட்டாள்.

விருந்தாளி பசியோடு உட்கார்ந்திருக்க, சோற்றுச் சட்டியையே தூக்கிக்கொண்டு போகிற வீட்டை வடிவம்மா இன்றுதான் பார்க்கிறாள். விடுவாளா? பின்னாலேயே போனாள்.

அதே லைன் வரிசையில் கடைசி வீடு. வாசலில் ஒரு கதிரையில் சுப்பம்மா உட்கார்ந்திருந்தாள். பரிமளத்தோடு பதினைந்து வருஷம் தெருக் கூட்டியவள். போன வருஷம் வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. மடியில் ஓர் உப்புப் போத்தல். முன்னால் இன்னும் இரண்டு பெண்கள் கறிச் சட்டியோடு நின்றார்கள்.

“வாடி பரிமளம். இன்னிக்கும் உப்புப் போடலியா?”

“எனக்கு எங்கக்கா அந்தக் கை வரப்போகுது? போட்டா கரிக்கும், இல்லாட்டி சப்புனு கெடக்கும். நீங்களே போடுங்க.”

சுப்பம்மா இடது கையால் உப்பை அள்ளித் தூவினாள். கிண்டச் சொன்னாள்.

“தண்ணி கூடிப்போச்சு. மொளகா பத்தல. இத்தன வருஷமா சமைக்கிற, இன்னும் ஒனக்கு வெளங்கல!”

ஏச்சை வாங்கிக்கொண்டே பரிமளம் அவள் தட்டில் மூன்று அகப்பை வைத்தாள். “சரியா இருக்கான்னு சாப்பிட்டுப் பாருங்க.”

“பாக்குறதுக்கு எதுக்குடி மூணு அகப்ப?”

“ஒரு வாயில உப்புத் தெரியுமாக்கா?”

சுப்பம்மா நிதானமாகச் சாப்பிட்டாள். “ம், இப்பத்தான் இது சோறு” என்றாள் பெருமையாக. அடுத்தவள் கறிச் சட்டியை நீட்டினாள்.

திரும்பி வரும்போது வடிவம்மாவின் குரல் இறங்கியிருந்தது. “நெசமாவே ஒனக்கு உப்புப் போடத் தெரியாதா?”

“தெரியாம என்ன அண்ணி? மொதல்ல நாந்தான் சோறு கொண்டு குடுத்தேன். ‘பிச்ச வாங்கித் திங்கிற நெலமைக்கு நா வரல’ன்னு தட்டோட திருப்பி அனுப்பிருச்சு. ரெண்டு நாளு வெறுந்தண்ணியக் குடிச்சுக்கிட்டுக் கெடந்துச்சு. அப்புறந்தான் எங்க லைன்ல எல்லாருமா உப்புப் போடுறத நிறுத்திட்டோம்.”

வடிவம்மா அந்தக் கடைசி வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். நிமிர்ந்து நிற்கத் தெம்பில்லாத ஒருத்தி, அரை மணி நேரச் சமையலில் இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்கிறாளே! கோயில் அன்னதானத்துக்கு அரிசி மூட்டை கொடுத்து, ஒலிபெருக்கியில் பெயர் சொல்லவைத்த தன்னை நினைத்தாள். வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து அந்தச் சோற்றை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். கையைக் கழுவிவிட்டு மகளுக்குப் போன் எடுத்தாள்.

“புள்ள, இந்த எடமே முடிச்சிருவோம். பெருசா சமையல் ஒண்ணும் தெரியவேணாம், மாமி சொல்லிக் குடுப்பா.”

பரிமளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“ஆனா யாரு கேட்டாலும், எனக்கு உப்பு மட்டும் போடத் தெரியாதுன்னு சொல்லிரணும்.”