அறுநூற்று நாற்பத்தெட்டாம் பக்கம்

தமிழ் இலக்கிய உலகுக்கு இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில், கொழிஞ்சாம்பாறை விவசாயி தங்கதுரை பதின்மூன்று ஆண்டுகள் எழுதிய 648 பக்க நாவலை, இன்று காலை, மனித குலத்தில் ஒருவர் முழுதாகப் படித்து முடிக்கப்போகிறார்.

பக்கம் 639.

தங்கதுரை முன்னறையில் டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்திருந்தார். மின்னூலில் இந்த வசதி உண்டு. படிப்பது யார் என்று சொல்லாது. எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்பதை மட்டும் எழுதியவருக்குக் காட்டிக்கொடுத்துவிடும்.

அச்சுப் புத்தகத்தில் இந்த அவமானம் கிடையாது. வாங்கியவர் அலமாரியில் வைப்பார். படித்துவிட்டார் என்று நாமாக நம்பிக்கொள்ளலாம்.

640.

மகள் செல்வப்பிரியாவின் கல்யாணத்தில்தான் நாவல் வெளியானது. தாம்பூலப் பையில் தேங்காயோடு ஓர் அட்டை. அதிலுள்ள க்யூஆர் கட்டத்தைப் போனுக்குக் காட்டினால் நாவல் இறங்கும். மணமேடையிலேயே மைக்கைப் பிடித்து விளக்கினார். எழுத்தைப் பெரிதாக்கலாம், போனைத் தலைகீழாகப் பிடித்தாலும் எழுத்து தானே நிமிர்ந்துகொள்ளும் என்று செய்தும் காட்டினார். நாதஸ்வரக்காரர் முகூர்த்தத்துக்காகக் காத்திருந்தார்.

அறுநூறு பேர் இறக்கினார்கள். அதில் ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர் நான்காம் பக்கத்தைத் தாண்டவில்லை. மாப்பிள்ளை அட்டைப்படத்தோடு சரி.

நூறு நாளுக்குள் ஒருவராவது முடிக்காவிட்டால் இனிப் பேனாவைத் தொடுவதில்லை என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் சபதம் செய்தார். சும்மா தள்ளிக்கொண்டே போனால் கணக்கில் சேராது, ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு நிமிடமாவது நிற்க வேண்டும் என்றும் புலம்பினார். கேட்டுக்கொண்டிருந்தது சோறு போட்டுக்கொண்டிருந்த மனைவி கமலாத்தாள் மட்டுமே.

அதன்பின் அவர் தோப்புப் பக்கம் போகவில்லை. சவரம் இல்லை. பாதிச் சோற்றில் கை கழுவினார். இழவு விழுந்த வீடு போலிருந்தது.

எழுபதாம் நாள், அந்த ஒரே ஒரு வாசகர் நான்காம் பக்கத்தைத் தாண்டினார்.

பக்கத்துக்குச் சரியாக ஒரு நிமிடம். கதாநாயகி செத்தாலும் ஒரு நிமிடம், மாட்டுச்சந்தை வர்ணனைக்கும் ஒரு நிமிடம். உணர்ச்சிவசப்படாத முதிர்ந்த வாசிப்பு என்று தங்கதுரை டைரியில் குறித்துவைத்தார்.

இன்று நூறாம் நாள்.

646.

உள்ளே குக்கர் விசிலடித்தது. எண் நின்றது. தங்கதுரை டேப்லெட்டை உலுக்கிப் பார்த்தார்.

அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

647.

அவர் மெல்ல எழுந்து, டேப்லெட்டோடு சமையலறை வாசலுக்குப் போனார்.

உப்பு ஜாடிமேல் போன் சாய்ந்திருந்தது. கமலாத்தாள் அதை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள், பால் பொங்குவதைப் பார்ப்பது போல. பிறகு ஈரக்கையை முந்தானையில் துடைத்து, ஒரு விரலால் தள்ளினாள்.

648.

"நீயா புள்ள? அத்தனையும் படிச்சயா?"

"ஆமாங்க. ஏனுங்க அழுவறீங்க? நல்லாத்தானுங்க எழுதியிருக்கறீங்க."

தங்கதுரை சமையலறைத் தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். பிறகு குளித்து, சவரம் செய்து, தட்டு நிறையச் சாப்பிட்டு, இரண்டாம் பாகத்தின் முதல் வரியை எழுதினார். ஆயிரம் பக்கம் வரும் என்றார். சமர்ப்பணம், என் ஒரே வாசகிக்கு.

அவள் எழுதுங்க என்றாள்.

கேரள எல்லையோரத்துப் பிள்ளைகள் பலரையும் போல அவள் படித்தது மலையாளம் மீடியம். முப்பத்தொரு வருஷத்தில் அவர் அதைக் கேட்டதில்லை.

கமலாத்தாளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.