முனை வரைக்கும் நடந்தால் போதும்

மாமனார் நாலாவது முறையாக உட்கார்ந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, கடலைப் பார்த்து, "அம்மாடி" என்றார்.

மாப்பிள்ளை முன்னால் எட்டிப் பார்த்தான். நிலம் கடலுக்குள் நீண்டு முடியும் அந்த முனைக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர் இருந்தது.

இந்தத் தேசியப் பூங்காவைத் தேர்ந்தெடுத்ததே அவன்தான். "அப்பாவால தனியா இருக்க முடியாதுங்க, நம்மகூட வெச்சுக்கலாம்" என்று மனைவி ஆறு மாதமாக அரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் மிச்சமிருந்தது ஒரே அறை. கதவைச் சாத்திக்கொண்டு அவன் கிதார் வாசிக்கிற அறை.

நேற்று விடுதியில், அடுத்த அறையிலிருந்து மாமனாரின் குறட்டை கேட்ட பிறகு அவளிடம் பேரம் பேசியிருந்தான். "முனை வரைக்கும் மூணு கிலோமீட்டர். உங்கப்பா அதை நடந்துட்டார்னா, தனியாவும் இருப்பார். சரியா?"

"சரி. முடியலைன்னா நம்ம வீடு" என்றாள் அவள். இன்று அவள் விடுதியிலேயே தங்கிவிட்டாள்.

"மாமா, நடையில உங்களை யாரும் மிஞ்ச முடியாதுன்னு உங்க பொண்ணு சொல்வாளே" என்றான் இப்போது.

"அதெல்லாம் ஒரு காலம் மாப்பிள்ளை. இப்ப மாடிப்படியைப் பார்த்தாலே தலை சுத்துது." எழுந்து பத்தடி வைத்தார். "அந்தப் புதரைத் தாண்டினா ஒரு பலகை கிடக்கு. அங்க கொஞ்சம் உட்காருவோம்."

புதரைத் தாண்டியதும் பலகை கிடந்தது. உட்கார்ந்தார்.

கடைசி ஏற்றத்தில் காற்று ஆளைத் தள்ளியது. மாமனார் தன் எடையில் பாதியை அவன் தோளில் போட்டு ஏறினார். அறை விஷயத்தில் கெட்டியாக இருந்த அவன் மனசு, அந்த எடையில் இளகிவிட்டது.

முனையில் மூன்று பக்கமும் கடல். ஒரு கிதாருக்காக இந்த மனுஷரை இவ்வளவு தூரம் இழுத்து வந்தோமே என்று அவனுக்குக் கூசியது.

"மாமா, இனிமே நீங்க தனியா இருக்க வேணாம். எங்ககூட வந்துடுங்க. என் ரூமை எடுத்துக்குங்க."

"சேச்சே, உங்களுக்கு எதுக்கு சிரமம்?"

"ஒரு சிரமமும் இல்ல. சத்தியமா."

"சத்தியம் வேற பண்ணிட்டீங்க. இதுக்கு மேல மறுத்தா மரியாதையா இருக்காது." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஜன்னல் எந்தப் பக்கம் மாப்பிள்ளை?"

அவன் பதில் சொல்வதற்குள், பறவைகளைப் பார்த்துக்கொண்டிருந்த பூங்காக் காவலர் பைனாகுலரை இறக்கிவிட்டு அவர்களை நோக்கி வந்தார். மாமனார் அவசரமாகக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

காவலர் விடவில்லை. வாயெல்லாம் பல்லாக முன்னால் வந்து நின்றார்.

"என்ன ஐயா, காலைல ஓட்டமா வந்து, உட்காரத் தோதான இடமெல்லாம் பார்த்துட்டுப் போனீங்களே... வசதியா இருந்துதா?"