எல்டனின் கால்

பைன் மரத்தின் உச்சியில் குண்டு வெடிக்க, மரச் சில்லுகள் எங்கள் பதுங்குகுழிக்குள் கொட்டுகின்றன. அது ஓய்ந்ததும் எல்டன் தன் வெளிறிய பாதத்தை என் மடியிலிருந்து மறுபடி இழுத்துக்கொள்கிறான். இந்த ஜெர்மனிக் காட்டு ஈரத்தில் கால் அழுகாமலிருக்க, ஒருவர் காலை மற்றவர் தேய்த்துவிட வேண்டும் என்பது சார்ஜெண்டின் உத்தரவு. ஏழு நாளாகத் தேய்க்கிறேன். என் வயிற்றுச் சூட்டில் காயவைத்த காலுறையை நீட்டினால், அதை ஒதுக்கிவிட்டு ஈரக் காலுறையையே மாட்டுகிறான்.

"என் பொண்டாட்டி காலைக்கூட நான் இப்படிப் பிடிச்சதில்லடா! உன் கால்விரல் கறுத்துப்போச்சு, தெரியலையா?"

எல்டன் பூட்ஸ் கயிற்றை நிதானமாக இறுக்குகிறான்.

"பக்கத்துக் குழிக்காரனுக்கு அழுகி ரெண்டு விரல்தான் போச்சு, ரே. அவனை வீட்டுக்கே, அமெரிக்காவுக்கே கப்பலேத்திட்டாங்கடா."