சீட் சுடும்

மறுபடியும் அக்காவின் போன்தான் அடித்தது.

ருக்மணி அக்கா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பிரியாணிக் கடைக்குள் ஓடினாள். "வாங்க்கா, உங்குளுக்குத்தான் கட்டிட்டிருக்கறேன்" என்று மாஸ்டர் சொன்னது மரத்தடி வரைக்கும் கேட்டது.

மரத்தடியில் நின்ற அவள் தன் போனைப் பார்த்தாள். ஊமையாகக் கிடந்தது.

இரண்டு பேரும் நிற்பது ஒரே மரத்தடியில்தான். ஒரே சாப்பாட்டு டெலிவரி கம்பெனி. ஒரே மாதிரிப் பை. அவள் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது, அக்கா சேர்ந்து நாலே மாதம். அதற்குள் அக்காவின் பேருக்குப் பக்கத்தில் தங்க நட்சத்திரம் வந்துவிட்டது. அவள் பேருக்குப் பக்கத்தில் ஒன்றையும் காணோம்.

வயிற்றெரிச்சல் என்றால் வயிற்றெரிச்சல்தான். அதற்கு வேறு என்ன பேர் வைப்பது?

போன வாரம் ஏதோ ஒரு வீட்டில் அக்காவுக்குப் பலாச்சுளை கொடுத்தார்களாம். அவளுக்கும் நாலு எடுத்து வைத்திருந்தாள்.

"தின்னு கண்ணு."

தின்றாள். நன்றாக இனித்தது. அதுவும் பிடிக்கவில்லை.

இரண்டு வருஷத்தில் அவளுக்கு எந்த வீட்டில் ஒரு சுளை கொடுத்தார்கள்?

மத்தியானம் அந்த மரத்து நிழல் ஒரு வண்டிக்குத்தான் காணும். அதிலும் அக்காவின் வண்டிதான் நிற்கும். அவள் வண்டி வெயிலில் காயும். ஏறி உட்கார்ந்தால் சீட் தோசைக்கல்தான்.

செவ்வாய்க்கிழமை வீட்டுக்காரனின் பழைய போனைப் பைக்குள் போட்டு எடுத்து வந்தாள்.

யாரும் பார்க்கவில்லை. ஆர்டர் தனக்கே வந்துவிடாதபடி முதலில் தன் போனில் டியூட்டியை முடித்தாள். பிறகு அந்தப் போனில் வாய்க்கு வந்த ஒரு பேரைப் போட்டு ஒரு பிரியாணி ஆர்டர் செய்தாள். பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டின் விலாசத்தைக் கொடுத்தாள். சுற்றுவட்டாரத்தில் எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா, என்ன?

வழி சொல்ல ஒரு கட்டம் இருந்தது. விரல் பாட்டுக்கு அடித்துவிட்டது.

*கேட்ல மாட்டிட்டுப் போங்க. எதிர்ல வேப்ப மரம் இருக்குது. வண்டிய நிழல்ல நிறுத்துங்க, சீட் சுடும்.*

அக்காவின் போன் அடித்தது. அடிக்காமல் இருக்குமா?

ஒரு மணி நேரம் கழித்து, 'பார்சல் வரவில்லை' என்பதைத் தட்டினாள். அவ்வளவுதான் வேலை. வாடிக்கையாளர் சொன்னால் கம்பெனிக்கு வேதவாக்கு. 'பொருள் பிறகு கிடைத்திருந்தால் இங்கே தட்டவும்' என்று கீழே ஒரு வரி வந்தது. அதை அவள் தட்டவில்லை.

சாயங்காலமே அக்காவின் ஐடியை முடக்கிவிட்டார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் அக்கா மரத்தடிக்கு வந்தாள். பை இல்லை. பழக்கதோஷத்தில் வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு வேரில் உட்கார்ந்தாள். முகம் சுண்டிப்போயிருந்தது.

"கேட்ல மாட்டி போட்டோ எடுத்தேன் கண்ணு. அப்பறம் யாரு எடுத்தாங்கன்னு தெரியாதாம், போட்டோ செல்லாதுங்கறாங்க. மில்லு மூடுனதுல இருந்து இந்த போனுதான எனக்குச் சோறு போட்டுது."

"அய்யோ பாவம்" என்றாள் அவள். குரல் நன்றாகத்தான் வந்தது.

உள்ளுக்குள் குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை.

"நேத்து அந்த வூட்டுக்கே போயிப் பாத்தேன்."

அவள் நிமிர்ந்தாள்.

"பார்சலு அங்கயேதான் தொங்குது. ஒரே எறும்பு. சோத்துக்குப் பொய் சொன்னவங்களா இருந்தா எடுத்துத் தின்னுருப்பாங்கல்ல?"

அவள் பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"மாடியேறி வா, பெல்லடிக்காத, சீக்கிரம் வா, இப்பிடித்தான் எல்லாரும் எழுதுவாங்க. அந்த வூட்ல மட்டும் வண்டிய நிழல்ல நிறுத்தச் சொல்லி எழுதியிருந்துது. எனக்கு மனசே நெறஞ்சு போச்சு கண்ணு. நம்ம கஷ்டம் தெரிஞ்ச ஆளு யாரோன்னு நெனச்சேன்."

அக்கா அவளைப் பார்க்கவில்லை. வெயிலில் நின்ற அவளுடைய வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு எழுந்தாள். நிழலில் நின்ற தன் வண்டியைப் பின்னால் தள்ளி வெளியே எடுத்தாள். ஸ்டார்ட் செய்தாள்.

"இங்க கொண்டாந்து நிறுத்து. சீட் சுடும்."

கண்ணு என்று சொல்லவில்லை.

வண்டி ரோட்டுத் திருப்பத்தில் மறைந்தது. பிரியாணிக் கடை மாஸ்டர் வெளியே எட்டிப் பார்த்து, "ருக்மணிக்கா வரலீங்களா?" என்றார்.

பைக்குள் போன் அடித்தது. ஆர்டர். இரண்டு நாளாக எல்லாம் அவளுக்குத்தான் வருகிறது.

நிழலில் ஒரு வண்டிக்கு இடம் காலியாகக் கிடந்தது.

அவள் பைக்குள் கையை விட்டாள். உள்ளே இரண்டு போன் இருந்தன.