நம்பரில்லாத காலை

நீதிமன்ற உத்தரவு இல்லாமல் எவர் வண்டி நம்பரையும் எவரும் பார்க்கக் கூடாது என்ற சட்டம் அன்று காலை அமலுக்கு வந்தது. ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்த வடிவாம்பாள், முன்னால் போன பஸ், லாரி, கார் அத்தனையின் நம்பர் பலகையும் ஒரே நொடியில் வெள்ளையாவதைப் பார்த்து வாயைப் பிளந்தாள். சாலையே தன் பெயரை உதறிவிட்டு ஓடுவது போலிருந்தது. கம்பத்துக் கேமராக்களெல்லாம் தலை குனிந்து நின்றன.

நேற்றுவரை அவள் கறிவேப்பிலை வாங்கப் போனாலும் கேமராக்கள் நம்பரைப் படித்துவிடும், கணவர் மருதாசலத்தின் போனில் தெரியும். அவர் போகுமிடம் அவருடைய சாதிச் சங்கத்தார் அத்தனை பேர் போனிலும் தெரியும். சங்கத் தலைவர் அல்லவா! வேறு சாதியில் கட்டிக்கொண்ட மகள் செத்துவிட்டாள் என்று மைக் பிடித்து அறிவித்தவர். கார் கண்ணாடியில் ஒட்டியிருந்த மகள் பெயர் 'எழிலரசி'யையும் பிளேடால் சுரண்டினார். 'ழி' மட்டும் வர மறுத்துவிட்டது.

திருப்பூரில் மகள் வீட்டுச் சந்தில் திரும்பியவள் சடாரென்று பிரேக் போட்டாள். வாசலில் நம்பரில்லாத ஒரு கார். பின் கண்ணாடியில் 'ழி'.

ஐயோ, என்ன செய்ய வந்தாரோ என்று பதறி உள்ளே ஓடினாள்.

தலைவர் தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் பேத்தி. கஞ்சி போட்ட வேட்டி முழுக்க ஈரம். பக்கத்தில் எழிலரசி சிரிப்பும் அழுகையுமாக நின்றாள்.

"சங்க வேலையா வந்தேன்" என்றார் அவர், பேத்தியின் பிடியிலிருந்து மீசையை விடுவிக்காமலே.

"தெரியுதுங்க," என்றாள் வடிவாம்பாள். "புது உறுப்பினர் சேர்த்திருக்கறீங்களாட்ட இருக்குது."