அப்பத்தைக் கொடுக்காதவள்

விக்கினம் களையும் ஆனைமுகப் பெருமான் திருவடி முன்னிற்க. இச்சிறு நிகழ்ச்சி மலையாள நாட்டுப் பழவங்காடியில் அவன் சந்நிதி வாசலிலேயே நிகழ்ந்தது. ஆகவே அவனே சாட்சி.

காலைத் தீபாராதனை முடிந்து கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது. வாசலருகே சுடிதார் அணிந்த இளம்பெண் ஒருத்தி, பிரசாத அப்பம் ஒன்றைக் கையில் உயர்த்திப் பிடித்திருந்தாள். நான்கு வயதுச் சிறுவன் உமாசங்கர் அவள் முழங்கையைப் பற்றி இழுத்தான். காலால் தரையை உதைத்தான். சிணுங்கினான்.

அவள் கொடுக்கவில்லை. புன்னகையுடன் அவன் முகத்தையே பார்த்திருந்தாள்.

பக்கத்திலுள்ள ஸ்ரீவராகத்திலிருந்து மனைவி விஜயத்துடன் தரிசனத்துக்கு வந்திருந்தார் ஸ்ரீகண்டன். தலைமைச் செயலகத்தில் அதிகாரம் செய்து ஓய்வுபெற்றவர். அவருக்குப் பொறுக்கவில்லை.

“என்னம்மா இது? பிரசாதத்தைக் காட்டிக் காட்டிக் குழந்தையை அழவைக்கறது ஒரு விளையாட்டா?”

“கொஞ்சம் பொறுங்கோ மாமா.”

“நான் பொறுத்துப்பேன். அவன் வயிறு பொறுக்குமா?”

தேங்காய்க் கடைக்காரன் சுஜித்தும் எட்டிப் பார்த்தான். “எந்தா சேச்சி, பாவம் அல்லே? ஒண்ணு கொடுத்தா தீர்ந்தது!”

இளம்பெண் தலையை மட்டும் அசைத்தாள். அப்பம் கீழே இறங்கவில்லை.

புடவைத் தலைப்பால் வாயைப் பொத்தியபடி அருகில் நின்ற மற்றொரு பெண்ணிடம் ஸ்ரீகண்டன் நியாயம் கேட்டார்.

“நீயே சொல்லும்மா. பெத்தவ இப்படிக் கல்லாட்டம் நிப்பாளோ?”

அப்பெண் தலைகுனிந்தாள்.

“பாத்தியா? பாக்கறவாளுக்கே வெக்கமா இருக்கு. உனக்கு இல்லை!”

விஜயம் தன் இலைப் பொட்டலத்தைப் பிரித்தாள். “நீ வாடா கண்ணா, மாமி தரேன்.”

இளம்பெண்ணின் புன்னகை அப்போதுதான் மறைந்தது. விஜயத்தின் கையை மெல்லப் பற்றிக்கொண்டாள்.

“மாமி, நமஸ்காரம் பண்ணிக் கேட்டுக்கறேன். இப்போ நீங்க குடுத்துட்டா, மூணு மாசம் பட்ட பாடெல்லாம் வீணாப் போயிடும்.”

“மூணு மாசமா இதே வேலையா!” என்று கூவினார் ஸ்ரீகண்டன். “போலீஸைக் கூப்பிடணும், கேட்டியா விஜயம்!”

அந்நேரம் சிறுவனின் சிணுங்கல் நின்றது.

அப்பத்தைப் பார்த்தான். பின்னர், மெதுவாக, இளம்பெண்ணின் கண்களைப் பார்த்தான். உதடுகள் பிரிந்தன.

“த…”

அவள் மூச்சை அடக்கிக் காத்திருந்தாள்.

“தா!”

மறுகணம் அப்பம் அவன் கையில் இருந்தது.

தலைகுனிந்து நின்ற பெண் ஓடி வந்து அவனை வாரி எடுத்தாள். சிரிப்பும் அழுகையுமாக அவன் கன்னங்களில் மாறி மாறி முத்தமிட்டாள்.

“சொல்லிட்டான் டாக்டர்! இத்தனை பேருக்கு நடுவுல வாயைத் திறந்து கேட்டுட்டான்!”

ஸ்ரீகண்டன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “நீ… நீயா பெத்தவ?”

“ஆமாம் மாமா. ஸ்ரீலட்சுமின்னு பேரு. இவா ஸ்நேகா டாக்டர். குழந்தைகளோட வளர்ச்சிக் குறைபாட்டைப் பத்தி மேல்படிப்பு படிக்கறா. இவன் எதையும் வாயால கேட்டதே இல்லை. மூணு மாசம் கிளினிக்ல பழக்கி, போன வாரம் அங்கே ‘தா’ன்னான். அந்த அறைக்குள்ள சொன்னா போறாது, வெளியிலயும் சொல்லணும்னு இவாதான் இங்கே அழைச்சுண்டு வந்தா. அவன் மூஞ்சி வாடினா நான் உடனே குடுத்துடுவேன். அதான் அப்பத்தை இவா கையில வெச்சுண்டா.”

உமாசங்கர் அப்பத்தை மென்றவாறே ஸ்ரீகண்டனின் குடையைப் பார்த்துக் கை நீட்டினான்.

“தா!”

ஸ்ரீகண்டன் திகைத்தார்.

“யோசிக்காம குடுங்கோ மாமா,” என்றாள் ஸ்நேகா. “கேட்டா கிடைக்கும்னு அவனுக்குத் தெரியணும்.”

குடை கைமாறியது.

“தா!”

மூக்குக்கண்ணாடியும் போயிற்று.

“அடுத்தது வேஷ்டியைக் கேக்கப் போறான், வாங்கோ!” என்று விஜயம் கணவரைப் பின்னால் இழுக்க, வாசலே சிரித்தது. சுஜித் கடையிலிருந்து ஒரு தேங்காயை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். “இது நம்ம வக, நம்ம காணிக்கை, கணபதி பகவானே!” என்று ஓங்கிச் சிதறவிட்டான்.

ஸ்ரீலட்சுமி மகனைத் தூக்கிக்கொண்டு, தேங்காய்ச் சில்லுகளைக் காட்ட அப்பால் நகர்ந்தாள். ஸ்ரீகண்டன் தயங்கித் தயங்கி ஸ்நேகாவை நெருங்கினார்.

“ஏம்மா, வாய்க்கு வந்தபடியெல்லாம் பேசிட்டேனே. ‘நான் பெத்தவ இல்லை, டாக்டராக்கும்’னு ஒரு வார்த்தை சொல்லப்படாதோ? வாயை மூடிண்டிருப்பேனே!”

“மூடிண்டிருக்க மாட்டேள் மாமா. ‘அப்போ பெத்தவ எங்கே?’ன்னு கேட்டிருப்பேள்.” ஸ்நேகா குரலைத் தாழ்த்தினாள். “பஸ்ஸுல, கல்யாண வீட்டுல, கோவில்லன்னு, இவன் அழறப்பல்லாம் ஸ்ரீலட்சுமி இந்த மாதிரித் திட்டைத்தான் தினமும் வாங்கிண்டிருக்கா. இன்னிக்கு ஒரு நாளாவது அது என்மேல விழட்டுமேன்னுதான் பேசாம நின்னேன்.”

இதனைக் கேட்ட செவிகள் குளிர்க. கேட்டோர் இல்லத்துப் பிள்ளைகள் யாவரும் தத்தம் காலத்தில் மலர்க.